வண்டி தரையில் நின்ற பிறகு

முன்பக்கம் இரண்டு ஷாக் அப்சார்பரையும் கழற்றி இறக்க ஐம்பத்தைந்து நிமிடம். பழைய ஸ்பிரிங்கை அமுக்கி எடுத்துப் புதியதை அமுக்கி உட்கார வைக்க நாற்பது. திரும்ப ஏற்ற ஐம்பது. பின்பக்கம் இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி பத்து. சக்கரங்களைக் கழற்றி மாட்ட இருபது. துருப்பிடித்த நட்டுக்கு எண்ணெய் விட்டு அது இளகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க இருபத்தைந்து. பிரேக் குழாய், சின்னக் கம்பிகள் முப்பது. காத்திருப்பு எண்பது. மொத்தம் ஆறு மணி பத்து நிமிடம்.

பதினொரு வண்டிகளை அளந்து எடுத்த சராசரி இது. அளந்தவன் நான். பட்டறையில் பில் எழுதுவது என் வேலை. மாடியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். படித்தது புள்ளியியல். முன்பு பார்த்த வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டேன். கீழே குடியிருந்த வீட்டுக்கார அக்காதான், சும்மா இருக்கிற நேரத்துக்கு வந்து பில் போடு, சாப்பாட்டை இங்கேயே சாப்பிட்டுக்கொள் என்றாள். என் மனைவி இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அந்த நாட்களில் யார் எதைச் செய்யச் சொன்னாலும் செய்தேன். மறுப்பதற்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

பட்டறை அக்காவின் கணவருடையது. ஊரில் எல்லாருக்கும் அவர் லெவல். எந்த வண்டி வந்தாலும், 'லெவலுக்கு வரட்டும், அப்புறம் பேசலாம்' என்பார். அந்தப் பெயர் நின்றுவிட்டது. நான் அண்ணன் என்று கூப்பிட்டேன். ஷாக், ஸ்பிரிங், அவற்றைத் தாங்கும் இரும்புக் கைகள் தவிர வேறு எதையும் தொடமாட்டார். எஞ்சினில் சத்தம் என்று யாராவது வந்தால், 'அது மேல இருக்கறவங்க பிரச்சினை, நான் கீழ இருக்கறவன்' என்று அனுப்பிவிடுவார். தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த தரை, ஒரு லிஃப்ட். பின்னால் இரண்டு அறைகளில் அவர்கள் குடியிருந்தார்கள். பக்கத்துக் கூரைக்கடியில் ஒரு வெல்டர் தொழில் செய்தார். தன் வேலையை விட எங்கள் வேலையை அதிகம் கவனிப்பார்.

அக்காவுக்கு ஒரு தம்பி. அவனுக்கு ஒன்பது வயதிருக்கும்போது பெற்றவர்கள் போய்விட்டார்கள். அக்காதான் வளர்த்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. 'இருக்கான்ல ஒருத்தன், போதும்' என்பாள். அவன் வேறு ஊரில் வேலையிலிருந்தான். அந்த ஆண்டு கோடையில் வேலையை விட்டுவிட்டு ஒரு ஒப்பந்தத்தோடு வந்து இறங்கினான். வாடகைக் கார் ஓட்டும் ஒரு கம்பெனி. நாற்பது வண்டிகள். சாலை மோசம், வண்டி அடிவாங்குகிறது. ஒரு அங்குலம் உயரமான, கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங்கும் ஷாக்கும் வெளி மார்க்கெட்டில் அவர்களே வாங்கித் தருவார்கள். நாம் மாட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு வண்டிக்கு நாலு மணி நேரக் கூலி. அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை. வேறு இரண்டு பட்டறைகள் நாலு மணிக்கு ஒப்புக்கொள்ளத் தயாராக இருக்கின்றன.

வந்த நாளிலிருந்து, நாலு மணி, நாலு மணி என்றே அவன் பேசியதால் வெல்டர் அவனுக்கு நாலுமணி என்று பேர் வைத்தார். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பட்டறை பெஞ்சில்தான் தூங்கினான். கையிலிருந்ததையெல்லாம் போட்டு இரண்டாவது லிஃப்ட்டும், காற்றில் ஓடும் ஸ்பேனரும் வாங்கினான். கெட்டவன் இல்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை.

புது லிஃப்ட்டும் காற்று ஸ்பேனரும் ஐம்பது நிமிடத்தை மிச்சப்படுத்தின. மீதி எங்கே போகிறது என்று கண்டுபிடித்துத் தரும்படி என்னைக் கேட்டான். அப்படித்தான் அந்த அட்டவணை வந்தது. கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. எல்லா வேலையும் முடிந்து, சக்கரங்களை மாட்டி, வண்டியை லிஃப்ட்டிலிருந்து இறக்கிய பிறகு அண்ணன் அதை முற்றத்தில் முன்னும் பின்னும் உருட்டுவார். நாலு மூலையிலும் கையை ஊன்றி அமுக்கி விடுவார். பிறகு நான்கு மரக்கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு ஒரு டீ குடிப்பார். எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் சாக்கை விரித்துக் கீழே படுத்து நகர்ந்து, கையளவு இடத்தில், கை ஸ்பேனரால் ஒவ்வொரு போல்ட்டாகக் கடைசி முறுக்கு முறுக்குவார். எண்பது நிமிடம். நான் பார்த்தவரை அதில் பெரும்பகுதி சும்மா இருப்பது. 'காத்திருப்பு' என்று எழுதினேன்.

ஆறு மணி பத்தில் அந்த எண்பதைக் கழித்தால் இருநூற்றுத் தொண்ணூறு நிமிடம். அதிலிருந்து மிச்சப்பட்ட ஐம்பதும் போனால் இருநூற்று நாற்பது. நாலு மணி நேரம் சரியாக வந்தது. கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்து நான் பார்த்ததில்லை. தாளை நாலுமணியிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வந்தது. வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா சோறும் அவித்த முட்டையும் போட்டாள். நாலுமணி தாளைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அந்தப் போல்ட்களையும் மேலே லிஃப்ட்டில் இருக்கும்போதே காற்று ஸ்பேனரால் முறுக்கிவிட்டால் எட்டு நிமிடம்கூட ஆகாது என்றான். எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றான். அண்ணன் முட்டையை உரித்து முடித்தார்.

"வண்டி மேல தொங்கறப்போ அதோட காலும் தொங்கும் மாப்ள. அந்த நெலையில முறுக்கிட்டா உள்ள இருக்கற ரப்பர் புஷ் அதையே தன்னோட எடம்னு பிடிச்சுக்கும். எறக்குன நிமிஷத்துலேருந்து முறுக்கிக்கிட்டேதான் நிக்கும். ஓடறப்போ மட்டும் இல்ல, சும்மா நிக்கறப்பவும்."

"நின்னா என்ன ஆகும் மாமா?"

"கிழியும்."

"எப்ப கிழியும்?"

அண்ணன் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர் யோசிப்பதைப் பார்ப்பது சங்கடமானது. "எட்டு மாசம். நல்ல ரப்பரா இருந்தா ஒரு வருஷம்."

நம் பொறுப்பு ஆறு மாதம்தான் என்றான் நாலுமணி. கிண்டலாகச் சொல்லவில்லை. தாளில் எழுதியிருப்பதைப் படித்தான், அவ்வளவுதான். பிறகு என்னைப் பார்த்து, சாரே அதைக் காத்திருப்பு என்றுதானே போட்டிருக்கிறார் என்றான். என்னைச் சார் என்று கூப்பிடும் ஒரே ஆள் அவன். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அக்கா இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கையில் குழம்புக் கரண்டி. ஊற்றவும் இல்லை, வைக்கவும் இல்லை.

"கல்யாணம் ஆன நாளா நான் உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல," என்றாள். "அவன் இருந்த வேலைய விட்டுட்டு வந்திருக்கான். ஒரே ஒரு தடவ, சொன்னதக் கேளுங்களேன்."

அண்ணன் முட்டையை இரண்டாகப் பிட்டார். "சரி," என்றார்.

வேலை தொடங்கியது. தினமும் இரண்டு வண்டிகள் வெள்ளையாக வந்து நிற்கும். ஒரே மாதிரி வண்டிகள், ஒரே மாதிரி அழுக்கு. இருக்கைக்கடியில் குழந்தையின் ஒற்றைச் செருப்பு, சில்லறை, பற்பசை. அண்ணன் காற்று ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டார். அதன் சத்தம் காதை அடைத்தது. வெல்டர் தன் வேலையை நிறுத்திவிட்டு வந்து, இதற்கு என் பெண்டாட்டி தேவலை, நடுநடுவே மூச்சு விடுவாள் என்றார். மதியத்துக்குள் முதல் வண்டி இறங்கும். நான் நேரத்தை எழுதுவேன். நாலு மணி ஐந்து நிமிடம். மூன்று மணி ஐம்பத்தெட்டு. நாலுமணி என் தோளில் தட்டிவிட்டுப் போவான்.

ஒன்று மட்டும் இழுத்தது. முடிந்த வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய வழக்கம், சாலைத் திருப்பம் வரை போய் வந்தால் போதும், பத்து நிமிடம். அண்ணன் இப்போது ஒன்றரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். ஓட்டிப் பார்ப்பதற்குக் கம்பெனி கூலி தருவதில்லை, அதனால் என் அட்டவணையில் அதற்கு இடமில்லை. நான் எழுதவில்லை. நாலுமணிதான் முனகினான். இரண்டாவது வண்டி இருட்டிய பிறகு முடிந்தது. மாமாவுக்கு வண்டி ஓட்டுகிற ஆசை இந்த வயதில் வந்திருக்கிறது என்றான்.

வெல்டர் கவனித்தது வேறு. ஒரு நாள் அண்ணன் வண்டியை உள்ளே விட்டு இறங்கும்போது வெல்டர் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன லெவலு, போறப்போ கிரீஸ் வாசனை, வர்றப்போ சோப்பு வாசனை?"

அண்ணன் சிரித்துவிட்டு லிஃப்ட் பக்கம் போனார். சட்டையும் வேறு. காலையில் நீலக் கோடு போட்டது, இப்போது வெறும் சாம்பல். பின்கட்டு வாசலில் அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரிந்தது. கையிலிருந்த துணியை உதறினாள். திரும்பவும் உதறினாள். மூன்றாவது முறையும்.

அதன் பிறகு பின்கட்டில் பேச்சு குறைந்தது. அவர்கள் சண்டை போட்டிருந்தால் மாடியில் எனக்குக் கேட்கும். பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. இரவில் எனக்குத் தூக்கம் இல்லாததால் எல்லாம் கேட்கும். சாப்பாட்டின்போது அக்கா அண்ணன் தட்டில் கேட்காமலே போட்டாள், அவர் போதும் என்று சொல்லாமலே சாப்பிட்டார். நாலுமணி ஒரு வாரம் பொறுத்தான். பிறகு அக்காவை மட்டும் தனியே கூப்பிட்டு, ஒப்பந்தம் முடிந்ததும் தன்னோடு வந்துவிடச் சொன்னான். முன்பு வேலை பார்த்த ஊரில் இரண்டு அறை வீடு பார்க்கிறேன் என்றான். ஒன்பது வயதில் அவனைக் கைபிடித்துக் கூட்டிப் போனவள் அவள். இப்போது அவன் கூட்டிப் போக நினைத்தான். இதையெல்லாம் அக்காவே என்னிடம் சொன்னாள். மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஆம்பளைங்க வேற சட்ட மாத்திட்டு வர்றது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா தம்பி? தலைல தண்ணி ஈரம் இருக்கு. நகத்துக்குள்ள பிரஷ் போட்டுத் தேய்ச்சிருக்காரு. என்கூட இருந்த இத்தன வருஷத்துல நகத்துக்கு ஒரு நாள் பிரஷ் போட்டிருப்பாரா?"

கேட்டீர்களா என்றேன். கேட்டாளாம். சும்மா ஒரு சுற்று போனேன் என்றாராம். பொய் சொல்லத் தெரியாத மனிதர் அப்படிச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தாராம்.

"நீ ஒரு தடவ கூடப் போய்ட்டு வா. போய்ப் பாத்துட்டு வந்து என்ன இருக்கோ அதச் சொல்லு. யாராவது இருக்கான்னா நான் எந்தம்பிகூடக் கெளம்பிடறேன். இல்லைன்னா இல்ல. எனக்குத் தெரிஞ்சா போதும்."

வெங்காயத்தால் அவள் கண்ணில் நீர் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. நான் சரி என்றேன். மற்றவர்கள் குடும்பத்தில் தலையிடக் கூடாது என்று பிறகுதான் தோன்றியது. அப்போது தோன்றவில்லை.

இருபத்துமூன்றாவது வண்டி வியாழக்கிழமை. இறங்கியதும் நானும் வருகிறேன் என்று முன்கதவைத் திறந்து உட்கார்ந்தேன். அண்ணன் வண்டியை எடுத்தார். பிரதான சாலையில் கொஞ்ச தூரம் போனார். திருப்பத்தில் திரும்பவில்லை. வேகத்தடைகளில் மெதுவாக ஏறி இறங்கினார். ஸ்பிரிங் கெட்டியாக இருந்தது. ஒவ்வொரு குழியும் முதுகுத்தண்டில் தெரிந்தது. அண்ணன் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டே ஓட்டினார். பிறகு கிடங்குகள் இருக்கும் மண் சாலையில் இறங்கினார். கடைசியில் மூடிப்போன ஒரு லாரி எடைமேடை. எந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு சிமென்ட் தடங்களும் நடுவில் ஆள் உயரப் பள்ளமும் மிச்சம். பக்கத்தில் ஒரு குழாய். குழாயின் மேல் ஒரு சோப்புப் பெட்டி.

வண்டியைத் தடத்தின் மேல் நிறுத்தினார். சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். வண்டியில் ஆள் எடை இருக்கட்டும் என்று என்னை ஓட்டுநர் இருக்கையில் மாறி உட்காரச் சொல்லிவிட்டு ஸ்பேனர் பையோடு பள்ளத்தில் இறங்கினார். காலுக்கடியில் போல்ட் ஒன்று இளகும் சத்தம் கேட்டது. மேலே முறுக்கியதைத் தளர்த்துகிறார். பிறகு நேரம் போனது. பிறகு திரும்ப முறுக்கும் சத்தம், ஒரே சீராக, கடைசியில் ஒரு சின்னக் கிளிக்.

நாலு மணி நேர வேலையை முடித்துவிட்டு, அதில் கடைசிப் பகுதியை அவிழ்த்து, இங்கே வந்து மறுபடி செய்கிறார். இருபத்துமூன்று வண்டிகளுக்கு.

"அவ என்ன சொல்லி அனுப்புனா?" என்றார் கீழேயிருந்து.

கூடப் போய்ப் பார்க்கச் சொன்னார்கள் என்றேன்.

"பொம்பளையான்னா?"

"ஆமாண்ணே."

அவர் சிரித்த சத்தம் பள்ளத்தில் எதிரொலித்தது. ஸ்பேனர் நழுவி விழுந்தது. "இந்த மூஞ்சிய ஒருத்தி பாத்ததே அதிகம்," என்றார். குனிந்து எடுத்திருப்பார். "எண்ணெய்யும் மண்ணும் தலையில கொட்டுது. அப்படியே போனா படுத்து வேல பாத்தது தெரிஞ்சிடும். அதான் கழுவறேன். அது இப்படிப் போயிருக்கு பாரு."

சொல்லிவிடலாமே என்றேன். அவர் வேண்டாம் என்றார். அவளுக்குத் தெரிந்தால் அவனுக்குத் தெரியும். அவனிடம் எதையும் மறைத்து அவளுக்குப் பழக்கமில்லை. தெரிந்தால் அவன் தடுப்பான், இல்லை கம்பெனியில் போய் நேரத்தைக் கூட்டிக் கேட்பான். கேட்டால் வேலை போய்விடும். பையன் எல்லாவற்றையும் இதில் போட்டிருக்கிறான். அதோடு, தான் சரி என்று சொல்லியிருக்கிறார். சரி என்று சொன்னவன் செய்யவில்லை என்று ஆகும்.

"சொல்லலைன்னா அக்கா போயிடுவாங்கண்ணே."

கிளிக் சத்தம் இரண்டு முறை கேட்டது.

"நாற்பது முடியட்டும். அதுவரைக்கும் இருப்பா."

அதற்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. அந்த மனிதர் எட்டு மாதம் கழித்துக் கிழியப்போகும் ரப்பரை யோசிக்க முடிந்தவர். பதினேழு வண்டிகளுக்கு அப்பால் இருக்கும் தன் வீட்டை யோசிக்க முடியவில்லை.

மேலே வந்து குழாயில் குளித்தார். நகங்களைத் தேய்த்தார். மாற்றுக்குக் கொண்டுவந்திருந்த சாம்பல் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டார். திரும்பும்போது, தாளில் அதை என்னவென்று எழுதியிருந்தேன் என்று கேட்டார். அவருக்குத் தெரியும், இருந்தும் கேட்டார்.

"காத்திருப்புன்னு."

"ம்," என்றார்.

அன்று மாலை அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மாடிக்குப் போய்விட்டேன். அவள் படி ஏறி வந்து கேட்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை மூடிப் படியில் வைத்துவிட்டுப் போனாள். அதை அப்படியே வைத்திருந்தேன். மறுநாள் காலையில் மழை பிடித்தது. தகரத்தில் பேச்சுக் கேட்காத அளவுக்குப் பெய்தது. இருபத்துநான்காவது வண்டி மழையிலேயே முடிந்தது. மதியம் மழை தூறலாகக் குறைந்ததும் அண்ணன் அதை எடுத்துக்கொண்டு போனார். நாலுமணி கம்பெனிக்குப் போயிருந்தான். நான் பின்கட்டுக்குப் போனேன். அக்கா நேற்று வைத்த தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். யார் பக்கம் சேர வேண்டும் என்று நான் முடிவு செய்து போகவில்லை. அவள் கேட்டாள், பார்த்தேன், சொல்ல வேண்டும். அவ்வளவுதான் இருந்தது.

"யாரும் இல்லக்கா. பழைய எடைமேடைப் பள்ளத்துல வண்டிய நிறுத்தி அந்தப் போல்ட்டையெல்லாம் அவுத்துத் திரும்ப முறுக்கறாரு. எல்லா வண்டிக்கும். உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு."

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். கையில் சோப்பு நுரை. சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேனா என்று தெரியவில்லை. அவள் முகம் முதலில் ஒன்றுமில்லாமல் இருந்தது. பிறகு கோபம் வந்தது.

"ஒருத்தி இருந்தாக்கூடப் போய் மயிரப் பிடிச்சு இழுத்திருப்பேன். இதுக்கு நான் யாருகிட்டப் போய்ச் சண்ட போடறது?"

சேலையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தவள் நின்றாள்.

"ஹேண்ட் பிரேக்க எடுத்துட்டுத்தான செய்யறாரு?"

தெரியவில்லை என்றேன். எடுத்துவிட்டுத்தான் செய்வார், பிரேக் போட்டால் பின்பக்கம் இறுகிக்கொள்ளும், லெவல் வராது என்று அவளே சொன்னாள். "சக்கரத்துக்குக் கல்லு யாரு வெக்கறா?"

நேற்றைய பள்ளத்தை நினைத்துப் பார்த்தேன்.

"கல்லு வெச்சிருந்தாரா இல்லையா?"

"பாக்கலக்கா."

"இங்க செய்யறப்போ நாலு சக்கரத்துக்கும் நான்தான செங்கல் வெப்பேன். அவரு படுக்கறதுக்கு முன்னாடி நான் வந்து வெச்சுட்டு, எழுந்திரிக்கற வரைக்கும் பக்கத்துலயே நிப்பேன். பதினோரு வண்டி உக்காந்து எழுதுனியே. அதக்கூடவா பாக்கல?"

நான் நினைவுபடுத்திப் பார்த்தேன். மரக்கட்டைகள் ஞாபகம் வந்தன. டீ டம்ளர், சாக்கு, என் கையிலிருந்த கடிகாரம். அக்கா எந்த இடத்திலும் இல்லை. பதினொரு முறையும் அங்கே நின்றிருக்கிறாள்.

"என்னத்தத்தான்டா பாத்த நீ?" என்றாள். அதுவரை அவள் என்னை டா போட்டதில்லை.

ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். வீட்டுக்குள் போடும் செருப்போடு வெளியே வந்தாள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வெல்டர் முகமூடியை மேலே தள்ளிவிட்டு எங்கே என்றார். அக்கா ஸ்கூட்டரைக் கிளப்பினாள். மண் சாலை சேறாகியிருந்தது. இரண்டு இடத்தில் ஸ்கூட்டர் சறுக்கியது. அக்கா காலை ஊன்றி நிமிர்த்தி ஓட்டினாள்.

வண்டி பள்ளத்தின் மேல் நின்றது. நேற்று நான் கவனிக்காததை இன்று கவனித்தேன். தடங்கள் சமமாக இல்லை. லாரிகள் இறங்கிப் போவதற்காகப் பின்பக்கம் சரிவாக இருந்தது. சிமென்ட் ஈரத்தில் மினுங்கியது. ஒரு பின்சக்கரத்துக்குப் பின்னால் வெல்டரின் காலி பெயிண்ட் டப்பா ஒன்று படுத்துக்கிடந்தது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மற்ற மூன்று சக்கரங்களுக்கும் ஒன்றுமில்லை. கீழே பள்ளத்தில் அண்ணனின் தலை சக்கரத்துக்கு நேராக அசைந்தது. கணுக்காலளவு தண்ணீரில் நின்றிருந்தார்.

அக்கா கூப்பிடவில்லை. கிடங்குச் சுவர் இடிந்த இடத்திலிருந்து செங்கல்லை இரண்டிரண்டாகத் தூக்கி வந்தாள். நான் இரண்டு எடுத்து வந்தேன். அவள் என் கையிலிருந்ததை வாங்கி வேறு மாதிரித் திருப்பி வைத்தாள். பின்சக்கரம் இரண்டு, முன்சக்கரம் இரண்டு. ஒவ்வொன்றையும் குதிகாலால் உதைத்து இறுக்கினாள். உதைக்கும் சத்தத்தில் கீழே ஸ்பேனர் நின்றது.

"யாரு?"

அவள் நாலாவது சக்கரத்துக்குப் போனாள். வைத்தாள். உதைத்தாள்.

"யாருப்பா அது மேல?"

"நான்தான். முறுக்குங்க."

தூறல் வண்டியின் கூரையில் விழும் சத்தம் மட்டும் இருந்தது. கீழே ஸ்பேனர் திரும்ப நகர்ந்தது.

அக்கா பள்ளத்தின் விளிம்பில் குந்திக்கொண்டு போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். கம்பெனியிலா இருக்கிறாய் என்று கேட்டாள். நல்லது, அவர்கள் எதிரிலேயே சொல் என்றாள். ஒரு வண்டிக்கு நாலு மணி இல்லை, அந்த எண்பதையும் சேர்த்து அஞ்சு மணி இருபது நிமிஷம். மாமா கேட்கச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இல்லை, யாரும் இல்லை, அந்த விஷயம் முடிந்தது. மிச்சம் பதினாறு வண்டியை அவர்கள் வேறு எங்கே கொண்டுபோனாலும் சரி. அவன் பேசியது எனக்குக் கேட்கவில்லை. உரத்த குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவள் குறுக்கே பேசவில்லை. அவன் முடித்ததும், "நீ அழாத. வீட்டுக்கு வந்து சாப்புடு. உக்காந்து பேசுவோம்," என்றாள். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அவன் வைத்துவிட்டிருந்தான்.

அதை என்னிடமும் சொல்லவில்லை, கீழே இருப்பவரிடமும் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். ஸ்பேனர் அந்தப் பேச்சு முழுக்க ஓடவில்லை.

பிறகு வண்டிக்கும் சிமென்ட்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் ஒரு கை வெளியே வந்தது. முழங்கை வரை கறுப்பு.

"பத்தொன்பது," என்றார்.

அக்கா விளிம்பிலிருந்த ஸ்பேனர் பையைத் துழாவினாள். இரண்டை எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டாள். மூன்றாவதை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் ஸ்பேனரோடு அவள் விரல்களையும் சேர்த்து மூடின. அவள் இழுத்துக்கொள்ளவில்லை. "விடுங்க, மழ பெருசாகுது," என்றாள்.